அடுத்த வண்டி

படப்பை ஒர்க்‌ஷாப்பில் அந்த மெக்கானிக்கைப் பார்த்தேன். ஒரகடம் கார் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்துவிட்டு, சிவந்த கண்களோடு இங்கேயும் வேலைக்கு வந்திருந்தார். என் டாக்சியில் பிரேக் கோளாறைக் காட்டும் ஏபிஎஸ் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்து, ஒன்றில் சென்சார் ஒயர் உரசி அறுந்திருப்பதைக் கண்டுபிடித்தார். புதிய சென்சாரை மாட்டினார். ‘டக்’கென்று ஒயர் பொருந்தியதும் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே வெறும் சுவர்.

“இன்னாண்ணா பாக்குற?”

“கம்பெனி லைன்ல இத்த மாட்டுனதும் அடுத்த வண்டி அந்தாண்டயிருந்துதான் வரும்பா.”

இருவரும் வல்லக்கோட்டை ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். கொஞ்ச தூரத்திலேயே விளக்கு அணைந்தது. சொல்லலாமென்று திரும்பினால், பக்கத்து சீட்டில் தூங்கிப்போயிருந்தார். வண்டியை ஓரங்கட்டி, அவருக்கு சீட் பெல்ட்டை மாட்டிவிட்டேன். ‘டக்’.

கண் திறக்காமலே அவர் தலை வலப்பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் நான்தான் இருந்தேன்.