தாராவிச் சேற்றில் நட்ட கம்பு

ஞாயிறு காலை எட்டு மணிக்குத் திலக் நகரில் ரயிலேறினேன். ஐந்து ரூபாய் டிக்கெட். குர்லாவில் வண்டி மாறி, சயானில் இறங்கி, தாராவிக்குள் நடந்தேன். ஆபீஸ் நண்பர் செல்வமணி தன் சந்தின் ‘கம்பு நட்ட நாள்’ விழாவுக்கு வருடாவருடம் கூப்பிடுவார். இதுவரை போகாததற்குச் சோம்பலைத் தவிர காரணம் இல்லை.

ஒன்பது மணிக்குச் சந்து களைகட்டியிருந்தது. மைக்கில் ஒருவர் கதை சொன்னார். அந்தக் காலத்தில் இது ஆளில்லாத சதுப்பு. திருநெல்வேலியிலிருந்து வந்த செல்வமணியின் தாத்தா, மூங்கில் கம்பால் ஆழம் பார்த்தபடி தன்னந்தனியாகச் சேற்றைக் கடந்தார். கெட்டித் தரை கண்ட இடத்தில் கம்பை நட்டார். பின்னால் வந்தவர்கள் மண் கொட்டிக் குடியேறினார்கள். அந்தக் கம்பைத்தான் பேரன் தோளில் ஏந்திச் சந்தைச் சுற்றி வரவேண்டும். ஆபீஸில் செல்வமணியை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இங்கே பட்டு வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

கம்புக்குப் புது மஞ்சள் துணி சுற்ற, பக்கத்து மராத்தி மீனவர் குடியிருப்பின் மாலன்பாய் என்ற அம்மாளை முதல்முறையாக அழைத்திருந்தார்கள். அந்தச் சந்தில் மீன் விற்றே தமிழ் பேசப் பழகியவர். பழைய துணியின் மேலேயே புதியதைச் சுற்றுவதுதான் வழக்கம். அது தெரியாத அவர், பழையதையெல்லாம் அவிழ்த்துவிட்டார். கம்பின் அடியில் மூன்று வெட்டுகள் தெரிந்தன. விரலால் தடவிப் பார்த்தார்.

“இது எங்க வீட்டு வலைக்கம்புல்லா. எங்க அடையாளம் இது. சேத்துல முங்கின மதராஸி ஒருத்தரை மாமனார் இத நீட்டித்தான் இழுத்தாரு. கம்பைத் திருப்பியே தரலன்னு வீட்டுல இன்னும் சொல்லிச் சிரிப்போம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேளம் நின்றுவிட்டது. செல்வமணியின் முகத்தில் ஈயாடவில்லை.

“தாத்தா தனியா வந்தாகன்னுல்லா சொன்னாக,” என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு கம்பை எடுத்து மாலன்பாயிடம் நீட்டினார்.

“எனக்கு எதுக்கு? ஆளில்லாத இடம்னு மைக்குல சொல்லுதீங்கல்லா, அத மாத்திச் சொல்லுங்க, போதும்.”

செல்வமணி மைக்கை வாங்கினார். தாத்தாவைச் சேற்றிலிருந்து இழுத்தவர் மாலன்பாயின் மாமனார் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். அதன்பின் ஊர்வலம் கிளம்பியது. கம்பின் மறுமுனை மாலன்பாயின் தோளில் இருந்தது.

இரண்டு மணிக்கு வீடு திரும்பினேன். எங்கள் கட்டிடத்தின் ஆண்டு விழாவில் செயலாளர் தவறாமல் சொல்வார்: “நாம வந்தப்போ இங்க ஒண்ணுமே இல்லை.” எல்லோரும் கைதட்டுவோம். இனி என்னால் தட்ட முடியாது.