இரண்டு விரல் இடைவெளி

கல்முனையிலிருந்து வயல்பக்கம் போகும் பழைய பாலத்தை நிலநடுக்கம் தாங்கும்படி பலப்படுத்தியபோது, ஒப்பந்தக்காரர் ஒருவர் செய்த அந்த வேலைக்கு நான்தான் இலாகாப் பொறியியலாளர். தூண்களின் தலையில் புது ரப்பர் மெத்தைகள் வைத்தோம். பாலத்தின் தளம் கரைச்சுவரைத் தொடாதபடி இரு முனையிலும் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டோம். நிலம் ஆடினால் தளம் அசைந்துகொடுக்க அந்த இடம் வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் மோதி இரண்டும் உடைந்துபோகும்.

அறுவடை முடிந்தபின் ஒருநாள் போனேன். பாலம் முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது. இடைவெளியைக் காணவில்லை. நாள்கணக்காகக் கணக்குப் போட்டு விட்ட இடத்தைச் சீமெந்தால் அடைத்து, மேலே வழவழவென்று பூசியும் இருந்தார்கள்.

நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த என் மனைவியின் அண்ணன் பெருமையோடு வந்தார்.

"கொந்தராத்துக்காரன் சீமெந்தக் களவெடுத்துப்போட்டு வெடிப்போட விட்டிட்டுப் போயிட்டான் மச்சான். நெல்லெல்லாம் ஆத்துக்குள்ள கொட்டுது. உங்கட பேரும் கெட்டுப்போகும் எண்டு நாங்களே அடைச்சிட்டம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடைக்குமுன் என்னிடம் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அவர் கண்ட பாலங்களில் வெடிப்புக்குக் களவைத் தவிர வேறு காரணம் இருந்ததில்லை. எங்கள் இலாகா அவருக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான்.

"அது வெடிப்பில்ல மச்சான். நான்தான் வேணுமெண்டு விடச் சொன்னது" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப உங்களுக்கும் பங்கு வந்திருக்கு, என்ன?"