முறைமாப்பிள்ளைப் பாடம்

பாறசாலைப் பக்கம் நர்ஸிங் மாணவிகளுக்கு மரபியல் நடத்திக்கொண்டிருந்தேன். சொந்தத்தில் கல்யாணம் செய்வதைப் பற்றிப் பாடம் எடுத்த மறுநாள், ஒரு மாணவியின் தாய் வந்தார். மகளை அவளுடைய அத்தை மகனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“மாமிக்க மவனக் கெட்டினா பிள்ளைக்குச் சொகக்கேடு வருமுன்னு டீச்சராக்கும் படிப்பிச்சது?”

“எல்லாருக்கும் வராது. வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.”

“மொதல்ல பறஞ்சத விடுங்க. பின்னால உள்ளத மட்டும் உரக்கச் சொல்லுங்க. இவளுக்க அப்பன் வெளிய நிக்கியாரு.”

உரக்கவே சொன்னேன். அந்தத் தாயின் முகம் தெளிந்த வேகம்தான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. அவர் பயந்தது பிறக்கப்போகும் பேரப்பிள்ளையை நினைத்தா, சம்பந்தியாக வரப்போகும் நாத்தனாரை நினைத்தா?