லமாய் அக்காவின் ரம்புட்டான் டீ

லமாய் ரம்புட்டானைப் பல்லால் கடித்துப் பிளப்பதில்லை. சின்னக் கத்தியின் நுனியால் சிவப்பு முள்தோலை நடுவில் ஒரு சுற்றுக் கீறி, மேல்பாதியைத் தொப்பியைப் போலக் கழற்றிவிடுவாள். உள்ளே வெள்ளைச் சுளை. அதற்குள் கொட்டை இருக்கிறதே, அதுதான் வம்பு பிடித்தது. கொட்டையின் மேல்தோல் மரச்சீவலாட்டம் சுளையோடு உரிந்து வந்து பல்லிடுக்கில் மாட்டிக்கொள்ளும். லமாய் கத்தியை உள்ளே விட்டு மணிக்கட்டை ஒரு திருகு திருகினால் கொட்டை தன் சட்டையோடு வெளியே விழுந்துவிடும். சுளை உடையாமல் கையில் நிற்கும். வாய் வேறு சும்மா இருக்காது. "போன வருஷம் காய்க்க மாட்டேன்னு அழிச்சாட்டியம் பண்ணுனியே, இப்ப மட்டும் என்ன கொஞ்சல்?" என்று கொல்லை மரத்தை நினைத்துப் பழத்தைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

எதிரே உட்கார்ந்து கீரைக்கட்டுகளைப் பையில் போட்டுக் கட்டும் தங்கை வான்பென்னுக்கு இது தினமும் பார்க்கிற காட்சிதான். ஆனாலும் அந்தத் திருகலின்போது அவள் கை ஒரு நொடி நின்றுவிடும். கூடப் பிறந்தவள்தான், ஒரே சோற்றைத் தின்று வளர்ந்தவள்தான். இவளுக்கு மட்டும் சுளை கிழிந்துதான் வருகிறது.

தெற்குத் தாய்லாந்தின் நா சான் வட்டாரத்தில் லமாயைத் தெரியாத சமையலறை கிடையாது. பின்பக்கம் திறந்த ஒரு சின்ன வண்டி, அதன் கம்பிகளிலெல்லாம் பிளாஸ்டிக் பைகள். மிளகாய் ஒரு பை, எலுமிச்சை ஒரு பை, கருவாடு, புளி, இறால் விழுது, நாலு முட்டை என்று வண்டியே குலைதள்ளி நிற்கும். கூரைமேல் ஒலிபெருக்கி. தோட்டங்களுக்குள் வளைந்து போகிற சந்துகளில் விடிந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அவள் குரல் நுழைந்துவிடும். "எழுந்திரிங்கடி மகராசிங்களா! மீனு எனக்கு முன்னாடியே எந்திரிச்சு வந்து வண்டியில உக்காந்திருக்கு!" விலை பேசுகிறவர்களின் மானத்தை அவள் அதே ஒலிபெருக்கியில் வாங்கிவிடுவாள். "சோமாவதி வீட்டுல இன்னிக்கு நெத்திலியாம், மருமக வந்திருக்காளாம், அதுக்கும் பேரம்!" சோமாவதி ஓடிவந்து வாயைப் பொத்துவாள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அவள் வராத நாளில்தான் தெரு முழுக்க எட்டிப் பார்க்கும்.

இத்தனை சாமர்த்தியக்காரிக்கு வண்டியைப் பின்னால் எடுக்க மட்டும் வராது. முன்னால் போகச் சொன்னால் ஓடைக்குள்ளும் இறக்கிவிடுவாள். பின்கியர் என்றால் கை விறைத்துவிடும். மகன் மேக் இருந்தவரை அவன்தான் ஓட்டினான். முட்டுச்சந்துக்குள்ளிருந்து ஒரு பை ஆடாமல் பின்னால் எடுப்பான். அவன் காவி உடுத்த பிறகு, பின்னால் எடுக்கவே தேவைப்படாத பாதையாகப் பார்த்து ஊரைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள் லமாய். முட்டுச்சந்து வீட்டுக்காரிகள் கூடையோடு பெரிய சாலைக்கு நடந்து வர வேண்டியதாயிற்று.

காவி உடுத்தச் சொன்னதும் அவள்தான். பெற்ற மகன் ஒரு மழைக்காலமாவது விகாரையில் இருந்தால் அந்தப் புண்ணியம் தாய்க்கு என்பது ஊர் வழக்கம். மகனின் காவித்துணியைப் பிடித்துக்கொண்டே சொர்க்கத்துக்குப் போய்விடலாம். தலை மழித்த அன்று ஊரையே கூட்டிச் சோறு போட்டாள். ஒலிபெருக்கியில் அழுதாள். மழைக்காலம் முடிகிற பௌர்ணமி வந்ததும் காவியைக் கழற்றிவிட்டு வண்டிக்கு வந்துவிட வேண்டும் என்பது பேச்சு.

ஆனால் பாதி மழைக்காலத்திலேயே ஊர் வாய் திறந்துவிட்டது. "மேக் சாமி மொகத்துல ஒரு களை வந்துருச்சுக்கா. நடையே மாறிப்போச்சு. இது திரும்பி வர்ற மொகம் இல்ல" என்று முட்டை வாங்க வந்தவள் ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். லமாய் அன்று முழுக்க யார் மானத்தையும் வாங்கவில்லை. அவள் புருஷன் வேறொருத்தியோடு ஹாட் யாய் நகரத்துப் பக்கம் போய் வெகுகாலம் ஆகிறது. சாயங்காலம் வண்டியைக் கழுவும்போது தங்கையிடம் சொன்னாள்: "ஒருத்தன் பாவாடையப் புடிச்சுக்கிட்டுப் போனான். இன்னொருத்தன் காவியப் புடிச்சுக்கிட்டான். என்னைப் புடிச்சுக்க ஒருத்தனுக்கும் கை வரல பாரு."

மறுநாள்தான் டீ ஆரம்பித்தது. ரம்புட்டான் போட்ட ஐஸ் டீ என்றால் மேக் சின்ன வயதிலிருந்தே உயிரை விடுவான். கோபித்துக்கொண்டு மரத்தின்மேல் ஏறிக்கொண்டவனை இறக்கியதும் இந்த டீதான், வேலை தேடிப் பாங்காக்குக்குப் போனவனை ஒரே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்ததும் இந்த டீதான் என்பது லமாயின் கட்சி. அவனை அங்கே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று வான்பென்னுக்குத் தெரியும். அவள் அதைச் சொன்னதில்லை.

அந்த டீயை அவள் போடுவதைப் பார்க்க வேண்டும். செக்கச் சிவந்த தேயிலையைக் கொதிக்க விட்டு, நீளக் கைப்பிடி வைத்த துணிப்பையில் ஊற்றி, கீழே இறங்கியதை மறுபடி மேலே ஊற்றி, அது கறுத்துக் கனக்கிறவரை விடமாட்டாள். சூட்டோடு சர்க்கரையும் டின் பாலும் சேரும். கூடவே விரல்நுனியில் ஒட்டுகிற அளவு உப்பு. பிறகு கலத்தை ஓரமாக வைத்துவிட்டு அதன் பக்கமே திரும்பமாட்டாள். சூட்டில் பழம் விழுந்தால் பால் திரிந்துவிடும். பழம் தனியாக, வாசனைக்குப் போட்ட பாண்டான் இலை முடிச்சோடு சர்க்கரைப்பாகில் ஒரு கொதி வந்து, தனியாக ஆறும். இரண்டும் குளிர்ந்த பிறகுதான் சம்பந்தம். தண்ணீரில் செய்த ஐஸைக் கிட்டே சேர்க்கமாட்டாள். முந்தின நாள் டீயிலேயே கொஞ்சத்தை எடுத்து உறைய வைத்த கட்டிகள்தான் அவளுக்கு ஐஸ். "தண்ணி ஐஸு கரைஞ்சா டீ செத்துப்போயிரும். என் ஐஸு கரைஞ்சா இன்னும் கொஞ்சம் டீ!" கண்ணாடிபோல் தெளிந்த பையில் ஊற்றி, முழுச்சுளைகளை நாலைந்து துண்டாக்கிப் போட்டு, அந்தத் துண்டு ஏறி வருகிற மாதிரி கட்டைவிரல் பருமனில் ஒரு உறிஞ்சுகுழலைச் செருகி, ரப்பர் வளையத்தால் கட்டுவாள். துண்டு வாய்க்குள் வந்து விழ வேண்டும், கடிக்க வேண்டும், மேக்குக்கு அதுதான் சுகம். வான்பென் ஒருநாள் பானையின் அடியில் மிஞ்சியதைக் குடித்துப் பார்த்தாள். டீயின் துவர்ப்பு நாக்கின் ஓரத்தைப் பிடிக்கும்போதே பால் வந்து தடவிக்கொடுத்தது, கடைசியில் பழம். அடேயப்பா! அடுத்த வாய் குடிக்கவே தயக்கமாக இருந்தது, தீர்ந்துவிடுமே என்று.

முதல் நாள் பொறுக்கமாட்டாமல் சாயங்காலமே விகாரைக்குள் வண்டியை விட்டாள். உச்சிக்குப் பிறகு சாமிகளுக்குச் சோறும் கூடாது, பாலும் கூடாது. இது இவளுக்குத் தெரியாததா? மகன் என்று வந்ததும் மறந்துபோயிற்று. புது மேக் சாமி கைகட்டி நின்று தலையசைத்தார். "ரெண்டே வாய்டா... இல்ல, சாமி, ரெண்டே வாய் குடிச்சுட்டுப் போங்க! யாரும் பாக்கல!" என்று கெஞ்சினாள். ஒலிபெருக்கியை அணைக்க மறந்திருந்தாள். ஊர் முழுக்கக் கேட்டது. போதாக்குறைக்கு, உள்ளே விட்ட வண்டியை வெளியே எடுக்க வழியில்லை. வண்டி ஓட்டக்கூடாத சாமி, பின்னால் எடுக்கத் தெரியாத தாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் முற்றத்துப் போதி மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வண்டியைத் திருப்பிக்கொண்டு வெளியேறினாள். ஒரு வாரத்துக்கு எல்லாக் கம்பி வேலிகளுக்குப் பின்னாலிருந்தும் "ரெண்டே வாய், சாமி!" என்று குரல் வந்தது.

அதன்பிறகு விடியற்காலைப் பிட்சையில்தான் கொடுத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சாலையோரம் நிற்பாள். சாமிகள் வரிசையாக வருவார்கள். மற்றவர்களுக்குச் சோறு, மேக் சாமியின் பாத்திரத்தில் சோற்றோடு அந்தப் பை. மண்டியிட்டுக் கும்பிடுவாள். வாழ்த்து ஓதி முடிகிறவரை தலை குனிந்திருக்க வேண்டும். இவள் மட்டும் ஓரக்கண்ணால் மேலே பார்ப்பாள், பிள்ளை இளைத்திருக்கிறானா என்று. பழக்காலம் முடிந்தும் பை நிற்கவில்லை. பாகில் போட்டு அடைத்த பாட்டில்கள் சமையலறை அலமாரியை நிறைத்திருந்தன. "குடிக்கிறான்டி. குடிக்கிறவரைக்கும் நாக்கு வீட்டுலதான் இருக்குன்னு அர்த்தம்" என்பாள். வான்பென் ஆமாம் போடுவாள்.

பௌர்ணமிக்கு முந்தைய வார நோன்பு நாளில் அக்காவும் தங்கையும் கறிப்பாத்திரங்களோடு விகாரைக்குப் போனார்கள். சாமிகள் உண்டு முடித்ததும் பாத்திரம் எடுக்கப் போன லமாய், வரிசையின் கோடியில் நின்றுவிட்டாள். மேக் சாமிக்குப் பக்கத்தில் தாத்தா சாமி. பேரன் பேத்தி எடுத்த பிறகு துறவு கொண்ட கிழவர். அவர் கையில் லமாயின் பை. உறிஞ்சினார், குழலில் பழத்துண்டு அடைத்துக்கொண்டது. எடுத்து உதறி, மறுபடி உறிஞ்சினார். பக்கத்துத் தட்டில் ஏழெட்டுத் துண்டுகள் ஈரமாகக் கிடந்தன.

"தாத்தா சாமி, இது..."

"நீதான் போடுறியா, தாயி? அமிர்தம்! உன் மகன் சாமி தெனமும் எனக்குத் தள்ளி வெச்சுருவாரு. மொத நாள்லேருந்து" என்றார் கிழவர். "டீயில ஒரு குத்தம் இல்ல. நடுவுல இந்தப் பழம்தான் என்னைக் கேலி பண்ணுது." வாயைத் திறந்து காட்டினார். ஈறு மட்டும்தான் இருந்தது. சிரித்தார்.

லமாய் மகனுக்கு எதிரே, தரையில், காலை ஒருபக்கம் மடித்து உட்கார்ந்தாள். "டேய்... சாமி. புடிக்காமப் போச்சா?"

"புடிக்கும்மா. அதனாலதான் தள்ளி வெச்சேன்."

அவள் தட்டிலிருந்த துண்டுகளைப் பார்த்தாள். "பௌர்ணமிக்கு அப்புறம்?"

"இங்கயே இருந்துரலாம்னு இருக்கும்மா. ஆனா நீங்க வான்னு சொன்னா வந்துருவேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்க மாட்டேன். வண்டி ஓட்டுவேன், மரம் ஏறுவேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

பொய் சொல்ல வராத பிள்ளை. சொன்னால் வந்துவிடுவான், அது வான்பென்னுக்கே தெரிந்தது. சொல்லேன் அக்கா, சொல்லிவிடேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். ஊரையே வாயால் கட்டி ஆள்கிற லமாயின் வாய் திறக்கவில்லை. கும்பிட்டுவிட்டு எழுந்தாள். வண்டியில் ஏறி முற்றத்துப் போதி மரத்தைச் சுற்றினாள். முதல் சுற்றிலேயே வெளியே போகிற வழி வந்தது. அவள் போகவில்லை. இன்னொரு சுற்று, அப்புறம் இன்னொன்று. மூன்றாவது சுற்று முடிந்துதான் வண்டி சாலைக்கு இறங்கியது. வழியெல்லாம் பைகள் ஆடிக்கொண்டிருந்தன.

மறுநாள் அக்கா அடுப்பு மூட்டியிருக்கமாட்டாள் என்றுதான் வான்பென் நினைத்துக்கொண்டு வந்தாள். தேயிலை வாசனை வாசலிலேயே எதிர்கொண்டது. லமாய் கலத்தை ஆற வைத்துவிட்டு, பாகிலிருந்து சுளைகளை எடுத்து அம்மியில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. கை மட்டும் எப்போதும்போல. நசுக்கியதை ஒரு வெள்ளைத் துணியில் கட்டிப் பிழிந்தாள். சாறு இறங்கியது. பிரித்துப் பார்த்து, திருப்திப்படாமல், மறுபடி அம்மியில் போட்டாள்.

"என்னக்கா இது? அவனுக்குக் கடிச்சுத் தின்னாத்தானே புடிக்கும்?"

"தாத்தா சாமிக்குப் பல்லு இல்லடி."

வான்பென் கையில் இருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். "அப்ப... நேத்து சாமி கேட்டதுக்கு?"

"சர்க்கரை கொஞ்சம் கம்மியாப் போட்டிருக்கேன். வயசானவரு" என்றாள் லமாய். "அந்தத் துணியைப் புடி, ஒட்டப் புழியணும்."

ஒரு வார்த்தையில் மகனை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கலாம். அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, யாரோ ஒரு கிழவரின் ஈறுக்காகப் பழத்தை மாவாக்குகிறாள் இந்தப் பெண்பிள்ளை, நேற்றுவரை நெத்திலிக்குச் சண்டை போட்டவள். வான்பென்னுக்கு அவளைத் தொடவே பயமாக இருந்தது. கும்பிட்டுவிடலாம் போலிருந்தது. துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

பழச்சாறும் டீயும் சேர்ந்தன. டீக்கட்டிகள் பைக்குள் விழுந்தன. லமாய் பருத்த உறிஞ்சுகுழல் கட்டை எடுத்து அலமாரியின் உச்சியில் போட்டுவிட்டு, கீழே தேடி, மெல்லிய குழல் ஒன்றைச் செருகிக் கட்டினாள்.

சாலையில் சாமிகள் வந்தார்கள். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று ஒவ்வொருவருக்கும் சோறு இட்டாள். மேக் சாமி வந்து நின்று பாத்திரத்தின் மூடியைத் திறந்தார். லமாய் சோற்றை இட்டாள். பிறகு பையை இறக்கி வைத்து, கையை எடுக்கப் போனவள், மறுபடி குனிந்து, அந்த மெல்லிய குழல் அவர் கண்ணுக்கு நேரே தெரியும்படி பையைத் திருப்பி வைத்தாள்.