சரியாகச் சொன்னீர்கள், குழந்தைகளே

அந்த ரேடியோவின் வலப்பக்கத் திருகுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தந்த நிறம், ஓரத்தில் கொஞ்சம் சில்லு போயிருக்கும். சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதைத்தான் திருப்ப வேண்டும். கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, ஆந்திர எல்லைப் பக்கம் இருந்த எங்கள் தொடக்கப் பள்ளிக்கு அறுபதுகளின் நடுவில் அது வந்து சேர்ந்தது. ஊரில் மின்சாரம் கிடையாது. செங்கல் கனத்தில் ஒரு பாட்டரியும், புங்கமரத்தில் கட்ட ஏரியல் கம்பியும் கூடவே வந்தன. கரும்பலகைக்குக் கரி பூச நாதியில்லாத பள்ளிக்கு ரேடியோ ஒரு கேடா என்று ஒன்றாம் வகுப்பு டீச்சரான நான் முணுமுணுத்தேன்.

மூன்றாம் வகுப்பு சார் அப்படி நினைக்கவில்லை. அவர் திருவள்ளூர்க்காரர். அண்ணன்மார் எல்லாம் கோயில் கைங்கர்யத்தில் இருக்க, இவர் மட்டும் பயிற்சிப் பள்ளிக்குப் போய் வாத்தியாரானவர். ரேடியோவைத் தொடுமுன் கை கழுவிக்கொள்வார். பெருமாளுக்குத் திரை விலக்குவது போல அதன் மேல் போட்ட துணியை எடுப்பார். நான் கேலி செய்தால் சிரிப்பார். ஆனால் துணியை நிதானமாக மடித்துத்தான் வைப்பார். ரயிலைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி என்றிருந்த பிள்ளைகளுக்கு இந்தப் பெட்டியாவது உலகத்தைக் கொண்டுவரும் என்று மெய்யாகவே நம்பினார்.

செவ்வாய்க்கிழமை காலையில் பள்ளி ஒலிபரப்பு. எல்லா வகுப்பும் ஒரே அறையில் அடைந்துகொள்ளும். முதல் நாள் கூச்சல் அடங்கவே இல்லை. பிரம்பெடுக்க மனமில்லாத மனிதர், வாயில் வந்ததைச் சொன்னார்: "சத்தம் போடாதீங்கோ. உள்ளே இருக்கற மாமாவுக்குக் கேக்கும்." அறை கப்சிப். பூச்சாண்டி வருவான் என்று சொல்வதைப் போன்ற பொய்தான். ஆனால் அந்த நிகழ்ச்சியில் ஒரு வழக்கம் இருந்தது. பேசுகிறவர் நடுவில் ஒரு கேள்வி கேட்பார். பிள்ளைகள் பதில் சொல்லட்டும் என்று கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். பிறகு, "சரியாகச் சொன்னீர்கள், குழந்தைகளே" என்பார். எங்கள் பிள்ளைகள் தப்பாகச் சொன்னாலும் அதையேதான் சொன்னார். தங்கள் குரல் பெட்டிக்குள் கேட்கிறது என்பதில் அவர்களுக்கு அப்புறம் சந்தேகமே வரவில்லை. சாரும் திருத்தவில்லை. வாயே திறக்காத பிள்ளைகள் வாய் திறக்கிறார்களே என்று அவருக்குச் சந்தோஷம்.

அவர் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். தாயில்லாத பிள்ளை. செவ்வாய்க்கிழமை மட்டும் எண்ணெய் வைத்துத் தலைவாரி வருவாள். ஏரிக்குக் கீழே அவள் அப்பாவுக்குக் கொஞ்சம் நெல் நிலம் சொந்தம். இரண்டாம் மனைவிக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. நடவு தொடங்கினால் குழந்தையைத் தூக்கி வைத்திருக்க ஆள் வேண்டும். இவளைப் பள்ளியை விட்டு நிறுத்தப் போகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை, மழை எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டு ரேடியோ நிறுத்தியது. எல்லோரும் மேகம் என்று கத்தினார்கள். முன்வரிசையில் காத்திருந்த இவள் எழுந்து போய், பெட்டியருகே வாயை வைத்து ஒரே மூச்சில் சொன்னாள்.

"மாமா, என்னிய இஸ்கூல வுட்டு நிறுத்த வேணாம்னு எங்க நைனாகிட்ட சொல்லு மாமா."

"சரியாகச் சொன்னீர்கள், குழந்தைகளே" என்றது ரேடியோ.

அவள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் வேறெந்தப் பிள்ளை முகத்திலும் பார்த்ததில்லை. சார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். என்ன சொல்லி அவளுக்கு விளக்குவது? நிகழ்ச்சி முடிந்ததும் சார் துணியை எடுத்து ரேடியோவை மூடினார்.

மறுநாள் அவள் அப்பா சேற்றுக் காலோடு வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றார். கோபமெல்லாம் இல்லை. "பொட்டி சொல்லிருச்சுன்னு ராத்திரியெல்லாம் குதிச்சிக்கினு இருந்துச்சு சார். பொட்டிக்கு இன்னா தெரியும்? நாத்து முத்திப் போவுது. கொயந்தைய அது வந்து தூக்குமா?" நடவு முடிந்ததுமாவது அனுப்பும்படி சார் கெஞ்சினார், கையைக்கூடப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாக்கலாம் சார்" என்று சொல்லிப் போனார். எங்கள் பக்கத்தில் அதற்கு முடியாது என்று அர்த்தம். அவள் வரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் சார் கை கழுவினார், துணியை மடித்து வைத்தார். ஆனால் கேள்வி முடிந்து ரேடியோ நிறுத்தியதும் திருகை அடியோடு குறைத்துவிட்டார். பாராட்டு கடந்துபோன பிறகே மறுபடி கூட்டினார். மாமா கோவமா கீறாரா என்று ஒரு பையன் கேட்டான். "மாமாவுக்குக் காது கேக்காதுடா, கண்ணா" என்றார் சார். அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் அப்படியே செய்தார். கொஞ்ச நாளில் பிள்ளைகள் பதில் சொல்வதையே விட்டுவிட்டார்கள்.

எழுபதுகளில் ஏரிக்குக் கீழே இருந்த நிலங்கள் தொழிற்சாலைகளுக்குப் போயின. மின்சாரம் வந்தது. பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் தொடங்கினால் ரேடியோவில் கர்ரென்ற இரைச்சல் தவிர வேறொன்றும் கேட்காது. கடைசியில் அதை அலமாரியில் தூக்கிப் போட்டாகிவிட்டது. ஒரு மாலை சாரும் நானும் ரயிலுக்கு நடந்துகொண்டிருந்தோம். ஒரு தொழிற்சாலை மதில் வேலையில் மணல் சட்டியைச் சுமந்துகொண்டிருந்த பெண் எங்களைப் பார்த்து நின்றாள். அவள்தான். சட்டியை இறக்காமலே சிரித்தாள்.

"அந்த மாமா இன்னும் பேசிக்கினு கீறாரா சார்?"

"பேசறார்ம்மா" என்றார் சார்.

சார் போய்ப் பல வருடமாகிறது. போன மாதம் அதே பள்ளிக்கு என்னைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து, சுவர் அகலத்துக்கு ஒரு திரையைக் காட்டினார்கள். திரையில் ஒரு பொம்மை பாடம் நடத்தியது. கேள்வி கேட்டது, காத்திருந்தது. பிள்ளைகள் ஆளுக்கொன்றாகக் கத்தினார்கள். பின்வரிசையில் ஒரு சிறுமி மட்டும் கத்தாமல், திரையைப் பார்த்து உதட்டுக்குள் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். பொம்மை கைதட்டத் தயாரானது. என்னை அறியாமல் நாற்காலியிலிருந்து எழுந்து கையை நீட்டினேன். அந்தத் திரையில் திருகு எதுவும் இல்லை.