குடத்தில் வந்த தானியம்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். ஞாபகமும் தப்பிப்போகிறது. முன்னது பின்னதாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் அண்ணன் மனைவியைப் பற்றி யாராவது எழுதிவைக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அவரை நங்கை என்று கூப்பிடுவேன்.

இரண்டாவது உலகச் சண்டைக் காலம், நான் சின்னப் பெண். பரமத்தி வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் நூல் கிடைக்காமல் தறிகள் நின்றுவிட்டன. நெசவுத் தெருப் பிள்ளைகளுக்கு நங்கை தினமும் ஒரு வேளை கஞ்சி ஊற்றினார். எல்லாம் வீடு வீடாகக் கேட்டு வாங்கிய தானியம். அந்த வாரம் பானையில் இரண்டு நாளைக்குத்தான் மிச்சம் இருந்தது. கேட்கப் போனால் கதவே திறக்கவில்லை. சர்க்கார் லெவி என்று விளைச்சலை அளந்து எடுத்துக்கொண்டிருந்த சமயம். கஞ்சிக்கு ஒரு படி கொடுத்தால், உள்ளே இன்னும் இருக்கிறது என்று தெரிந்துவிடுமோ என்று எல்லோருக்கும் பயம். போதாததற்கு, சாக்குக்கும் பஞ்சம். நங்கைக்குக் கிடைத்தது சர்க்கார் முத்திரை போட்ட பழைய சாக்கு. அதைத் தோளில் போட்டுக்கொண்டே அவரும் நானும் தெருவெல்லாம் நடந்திருக்கிறோம். இருவருக்குமே உறைக்கவில்லை.

வெற்றிலைத் தோட்டக்காரர் வீட்டம்மாள்தான் சொன்னார்.

“ஏனுங்க அம்மிணி, முத்திரைச் சாக்கத் தூக்கீட்டு வந்து கஞ்சிக்குன்னா ஆரு நம்புவா? எங்கூட்டுல எலியே பட்டினி கெடக்குதுங்க.”

“அப்ப எலிக்கும் ஒரு வட்டல் கஞ்சி கொண்டாரேனுங்க” என்று சிரித்தபடி திரும்பினார் நங்கை.

வழியில் தண்ணீருக்குப் போகும் பெண்களைக் கண்டதும் நின்றார். “கெணத்துக்குப் போற கொடத்த ஆரு எட்டிப் பாக்கறாங்க? வெறுங்கொடம்னுதான நெனைப்பாங்க?”

அன்றைக்கே புழக்கடை வழியாகப் போய் ஒவ்வொரு வீட்டிலும் காதோடு சொல்லிவிட்டு வந்தார்: குடத்தில் ஒரு கை தானியம் போட்டுக்கொண்டு கிணற்றடிக்கு வாருங்கள், யார் போட்டது என்று நான் பார்க்க மாட்டேன்.

எனக்கு ஆட்களைக் கண்டாலே வாய் திறக்காது. “நீ பேச வேண்டாஞ் சாமி, கூடைகிட்ட உக்காந்திருந்தாப் போதும்” என்று மறுநாள் கிணற்றடியில் வெற்றிலைக் கூடையோடு உட்காரவைத்தார். மேலே வாழையிலை மூடியிருந்தது. பெண்கள் வந்தார்கள், நீர் சேந்தினார்கள், போனார்கள். கூடை காலியாகவே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது அந்த வீட்டம்மாள் வந்தார். இலையை விலக்கிக் குடத்தைச் சாய்த்தார். கம்பு கொட்டியது.

“எலி குடுத்தனுப்புச்சுன்னு உங்க நங்கைகிட்டச் சொல்லு அம்மிணி.”

அதற்குப் பிறகு மற்றக் குடங்களும் சாய்ந்தன.

கம்பு, ராகி, சோளம் எல்லாம் கலந்து கிடந்ததை அப்படியே அரைத்துக் காய்ச்சினார் நங்கை. நூல் வரும்வரை ஒரு நாளும் கஞ்சி நிற்கவில்லை. யார் எவ்வளவு போட்டார்கள் என்று அவர் கேட்டதே இல்லை. எலி சொன்னதை மட்டும் நான் சொன்னேன்.

முதலில் விழுந்தது கம்புதானா, ராகியா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அந்தத் தெருக்காரர்கள் யாராவது இருந்தால், விசாரித்துத் திருத்திவிடுங்கள்.