ஆண்டுக்கு ஒரு பொட்டு

புளித்த மைதாப் பசையின் வாடை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குப் பெரியப்பாவின் மேல் கோபம் வருகிறது. வார இதழ்களில் எல்லாரும் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்த காலத்தில், என் அம்மா கோயில் சிற்பம், தேர்தல், பழைய கல்வெட்டு என்று கட்டுரைகளாகப் பார்த்துக் கத்தரித்து, ராஜபாளையத்தில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக் கட்டுகளைத் தைக்கும் பைண்டரிடம் கொடுத்து, மைதாப் பசை தடவிச் சிவப்புத் துணி அட்டை போட்ட ஆறு 'வால்யூம்'களாக்கி வந்தாள். "அடிக்கடி பொரட்டுங்கம்மா, சும்மா வச்சாத்தான் பூச்சி அண்டும்" என்றார் அவர்.

பத்து வயதில் சோறு தண்ணி மறந்து அவற்றில் ஐந்தை முடித்தேன். படித்த திமிரில் ஒருநாள் நாலு பேர் முன்னால், "ஒங்க கட்சி ஏன் பெரியப்பா தோத்துச்சு?" என்று கேட்டு, காரணத்தையும் நானே சொன்னேன். வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை, சமயம் பார்த்திருந்தார்.

சரஸ்வதி பூஜை வந்தது. அன்று புத்தகங்களை அடுக்கிச் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டால் மறுநாள் காலைவரை தொடக் கூடாது. ஆறாவது வால்யூமில் பாதியில் நின்ற கல்வெட்டுக் கட்டுரை மனதைப் பிடுங்க, அதை உருவிக் கொல்லைப்புறம் போய்ப் படித்தேன். முடிக்கும் முன்பே, பாவாடையில் ஒட்டிய ஈரச் சந்தனம் காட்டிக்கொடுத்தது.

"சாமி குத்தம் பண்ணிட்டியேட்டி! இனி இது சாமி புஸ்தகம். பூசைக்கு மட்டுந்தான் வெளிய வரும்" என்று பெரியப்பா ஆறையும் தன் பீரோவில் பூட்டினார்.

"பிள்ளை தெரியாம செஞ்சிட்டா, அத்தான்" என்று அம்மா கெஞ்சினாள். சாமியாவது குத்தமாவது! அவருக்கு வலித்தது அந்தச் சிரிப்பு.

அதன்பின் ஆண்டுதோறும், படிக்கக் கூடாத அந்த ஒரே நாளில் மட்டும் அவை வெளியே வந்தன. புதுப் பொட்டு வைத்துக்கொண்டு, மறுநாள் நான் எழும் முன்பே பீரோவுக்குள் போயின. அம்மா அவற்றை ஒருமுறைகூடத் திரும்பப் புரட்டாமலே போய்ச் சேர்ந்தாள்.

இந்த ஆண்டு பெரியப்பாவும் போனார். செத்தவரைத் திட்டக் கூடாது என்கிறார்கள், நான் திட்டுகிறேன். சாவி கைக்கு வந்ததும் பீரோவைத் திறந்தேன். பொட்டின் மேல் பொட்டாக அட்டைகள் அப்படியே இருந்தன. பிரித்தால், செல்லரித்த தூள் மடியில் கொட்டியது.

சரஸ்வதி பூஜையன்று அந்த வெற்று அட்டைகளை எதிரே வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே நாள் முழுக்க வேறு எதையெதையோ படித்தேன். தடுக்க ஆளில்லை. அந்தக் கல்வெட்டுக் கட்டுரையின் மிச்சப் பாதிதான் எங்கு தேடியும் கிடைக்கவில்லை.